மைனஸ் பத்துப் பேர்

ஜூன் 10, செவ்வாய்

பேட்டரிக் கடைக்காரர் ஜனவரியில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாக டிவி ஸ்டாண்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்று எனக்கு வந்திருக்கும் ஆத்திரத்தை யாரிடமாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும் என்பதால் உருவி எடுத்துவிட்டேன். டிவி இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. நிற்கட்டும்.

விஷயம் இதுதான். பிளஸ் டூவில் கணக்கில் நான் 97. (அந்த மூன்று மார்க் எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை. விடைத்தாள் நகல் வாங்கலாம் என்றால் அப்பா, "சும்மா கெட உலகு"ங்கிறார். உலகு என்பது நான், உலகேஸ்வரி.) இன்று மகளிர் கல்லூரியில் கவுன்சலிங். நானும் அம்மாவும் காலையிலேயே போய் உட்கார்ந்தோம். பி.எஸ்ஸி. கணக்கு கிடைத்துவிடும் என்று நான் கனவிலேயே முதல் பெஞ்சில் இடம் போட்டுவிட்டேன். ஆனால் ரேங்க் போடுவது மொத்த மார்க்குக்கு. என் வேதியியல் மார்க்கை இங்கே எழுதுவதாக இல்லை. என் முறை வந்தபோது திரையில் கணக்குக்கு நேராகப் பெரிய முட்டை.

"மேத்ஸ் முடிஞ்சிட்டும்மா. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கு. பேசாம அதப் போடு" என்றார் ஆபீஸ் கிளார்க். "இன்ஜினியரிங் கவுன்சலிங் முடிஞ்சதும் மேத்ஸ்ல ரெண்டு மூணு பேரு கிளம்பிருவாளுக. வெயிட்டிங் லிஸ்ட்ல பேரக் குடுத்துட்டு மாறிக்கிடலாம். வருஷா வருஷம் நடக்கதுதான."

அம்மா என்னைப் பார்த்தாள். "ரயில்ல ஆர்ஏசி மாதிரிட்டி. ஏறி உக்காந்துருவோம். பெறவு பெர்த்து கெடைக்கும்."

ஏறி உட்கார்ந்தாயிற்று. புள்ளியியல்! மாடு எண்ணுகிற படிப்பு!

ஜூன் 12, வியாழன்

அம்மா பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஆபீஸ் உதவியாளர். மணி அடிப்பது, வகுப்பு வகுப்பாக சர்குலர் கொண்டுபோவது, தலைமையாசிரியைக்கு டீ வாங்குவது. அங்கே கணக்கு எடுக்கும் ரெஜினா டீச்சர் வராண்டாவில் நடந்து வந்தால் சத்தம் தானாக அடங்கிவிடுமாம். "ஹெச்எம் வந்தாக்கூட அப்படி அடங்காது கேட்டியா" என்பாள் அம்மா. நான் ஆறாம் வகுப்பில் முதன்முதலாக நூற்றுக்கு நூறு வாங்கிய அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டாள்: பி.எஸ்ஸி. கணக்கு, பி.எட்., அப்புறம் டீச்சர். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நானும் அந்த டீச்சர் மாதிரி வராண்டாவில் நடந்து பார்ப்பேன்.

இன்று ரெஜினா டீச்சர் தன்னுடைய காலேஜ் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்துவிட்டிருக்கிறார். இயற்கணிதம், நுண்கணிதம், வடிவியல், மொத்தம் ஒரு மூட்டை. அம்மா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் சேர்ந்திருக்கிறேன் என்று டீச்சரிடம் இன்னும் சொல்லவில்லையாம். "ரெண்டு மாசத்துல மாறத்தான போறே, அதுக்குள்ள என்னத்துக்கு?"

ஜூன் 30, திங்கள்

முதல் நாள். குற்றாலத்துச் சாரல் இங்கே வரைக்கும் வந்து, புது சுடிதார் முழங்கால் வரை நனைந்துவிட்டது.

வகுப்பில் முப்பத்தாறு பேர். துறைத்தலைவர் மும்தாஜ் மேம். குள்ளம், பெரிய கண்ணாடி, கைப்பையில் எப்போதும் முறுக்கு. வந்ததும் வராததுமாக, "விரும்பி இந்தக் கோர்ஸ எடுத்தவங்க கை தூக்குங்க" என்றார். முப்பத்தாறு கையும் மேலே. என் கையும்தான். பிறகு எப்படி? சீனியர் அக்காக்கள் வாசலிலேயே பிடித்து, "மேம் கேட்டா விரும்பித்தான் வந்தோம்னு சொல்லுங்கட்டி, பாவம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அடேங்கப்பா!" என்றார் மேம். முகத்தில் சிரிப்பே இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது.

என் பக்கத்தில் ஆலங்குளத்து ரோஸ்லின். மெதுவாகக் கேட்டேன். நர்சிங் வெயிட்டிங்காம். முன்னால் இருந்தவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் வெயிட்டிங். அவளுக்கு முன்னால் பேச்சி. என்னைப் போலவே கணக்கு வெயிட்டிங். வெயிட்டிங் லிஸ்ட்டில் நான் ஒன்று, அவள் இரண்டு. இது வகுப்பறை இல்லை, ஜங்ஷன்.

ஜூலை 2, புதன்

மேமுக்கு ஒரு பிரச்சினை. ஆகஸ்டில் எங்களைக் குற்றாலத்துக்கு ஒரு சர்வேக்கு அழைத்துப் போக வேண்டும். வேன் சொல்வதா, பெரிய பஸ் சொல்வதா? போன வருஷம் பெரிய பஸ் சொல்லி, அதற்குள் பாதிப் பேர் வேறு கோர்ஸுக்கு ஓடிவிட்டதால், மிச்சமிருந்தவர்கள் ஆளுக்கொரு சீட்டில் படுத்துக்கொண்டு போனார்களாம்.

"நேராக் கேட்டா எல்லாரும் 'உயிரே போனாலும் போகமாட்டோம்'ம்பீங்க. அதனால இப்படிக் கேப்போம்" என்று ஆளுக்கொரு சீட்டும் ஒரு ரூபாய் நாணயமும் கொடுத்தார். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கோர்ஸை விட்டுப் போகப் போகிறாயா? எல்லாரும் ரகசியமாகச் சுண்டிப் பார்க்க வேண்டும். தலை விழுந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்' என்று எழுத வேண்டும். பூ விழுந்தால் மனதில் இருக்கிற உண்மையை எழுத வேண்டும். பேர் எழுதக் கூடாது.

"ஒருத்தி 'ஆமாம்'னு எழுதிருந்தா அது தலை விழுந்து எழுதினதா, மனசுல உள்ளதான்னு எனக்கும் தெரியாது, பக்கத்துல இருக்கவளுக்கும் தெரியாது. அதனால தைரியமா எழுதலாம்."

எனக்குப் பூ விழுந்தது. தைரியமாக 'ஆமாம்' என்று எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

எண்ணிப் பார்த்தால் 29 'ஆமாம்'. மேம் பலகையில் போட்டார். முப்பத்தாறில் பாதி, பதினெட்டுப் பேருக்குத் தலை விழுந்திருக்கும். அவர்கள் எழுதிய 'ஆமாம்' சும்மா. மிச்சம் 11. அது பூ விழுந்த பதினெட்டுப் பேரில் 11. அப்படியானால் மொத்த வகுப்பில் 22 பேர் மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து எல்லாரும் சிரித்துவிட்டோம். மேம் ஒரு முறுக்கைக் கடித்துக்கொண்டு, "அப்ப வேன்தான்" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து கேட்டேன். "மேம், சரியாப் பதினெட்டுப் பேருக்குத்தான் தலை விழும்னு எப்படிச் சொல்ல முடியும்? பதினாறா இருக்கலாம், இருபதா இருக்கலாம்."

"ஆமா. அதனால இருபத்திரண்டுங்கிறது சுமாரான கணக்குதான்."

"சுமாராச் சொல்லதுக்கு எதுக்கு மேம் ஒரு டிகிரி?"

வகுப்பே 'ஓ' போட்டது. மேம் கோபப்படவில்லை. "உன் பேரு என்ன? உலகேஸ்வரியா? உக்காரும்மா. சுமார்னா எவ்வளவு சுமார்னு சொல்லத்தான் இந்த டிகிரி" என்றார்.

சமாளிப்பு! கணக்கென்றால் விடை ஒன்றுதான். சரி, இல்லாவிட்டால் தப்பு. இதற்குத்தான் நான் கணக்குக்குப் போக வேண்டும் என்கிறேன்.

ஜூலை 3, வியாழன்

எதிர்வீட்டு அத்தை: "என்ன கோர்சு, ஸ்டாடிக்ஸா? அப்ப அடுத்த சென்சஸுக்கு நீதான் எங்க வீட்டுக் கதவத் தட்டுவியாக்கும்?" ஆர்ஏசி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

ரோஸ்லின் இரண்டாம் பீரியடில் மயங்கி விழுந்துவிட்டாள். காலையில் சாப்பிடவில்லையாம். மேம் தன் முறுக்குப் பை முழுவதையும் அவளிடம் கொடுத்துவிட்டு, "வேற யாரெல்லாம் சாப்பிடாம வந்திருக்கீங்க?" என்று கேட்டார். மூன்று கைகள்தான் எழுந்தன.

நான் தூக்கவில்லை. 7.10 பஸ்ஸைப் பிடிக்கிற எவளுக்கும் இட்லி வேகிறவரை நிற்க முடியாது. பொதுவாகச் சொல்கிறேன்.

அப்புறம் சும்மா ஒரு யோசனை. யோசனைதான். நேராகக் கேட்டால் யார் சொல்வார்கள்? எல்லாருக்கும் மானம் இருக்கிறது. அந்தக் காசு சுண்டும் வேலையை எல்லாத் துறை முதல் வருஷத்திலும் செய்து பார்த்தால் என்ன? மேமிடம் சொன்னதும் உடனே, "செய்" என்று ஒரு டப்பா நிறைய ஒரு ரூபாய் நாணயங்களைக் கையில் கொடுத்துவிட்டார். இப்படி உடனே ஒத்துக்கொள்வார் என்று தெரிந்திருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

ஜூலை 14, திங்கள்

நானும் ரோஸ்லினும் வகுப்பு வகுப்பாகப் போய் இருநூறு பேரிடம் சீட்டு வாங்கிவிட்டோம். பி.காம். வகுப்பில் நாணயத்தைச் சுண்டி மின்விசிறிக்கு மேலே போட்டுவிட்டாள் ஒருத்தி. தமிழ்த் துறையில் விதியை மூன்று முறை விளக்கினேன். தொண்டை போய்விட்டது.

மொத்தம் 148 'ஆமாம்'. தலை விழுந்த நூறைக் கழித்தால் 48. அதாவது நூற்றுக்கு நாற்பத்தெட்டு. ஏறக்குறைய பாதிப் பேர் வெறும் வயிற்றோடு வருகிறார்கள்!

ரோஸ்லின் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நான் மட்டும்தான்னு நெனச்சேன் பிள்ள" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யாருடைய பேரும் வெளியே வரவில்லை. ஆனால் எல்லாருடைய பசியும் வந்துவிட்டது. இதைப் பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். சாரலில் நடந்து வந்தேன்.

இதனால் எல்லாம் என் முடிவு மாறவில்லை.

ஜூலை 17, வியாழன்

மேம் அந்த எண்ணை முதல்வரிடம் கொண்டுபோனார். இன்றிலிருந்து கேன்டீன் அக்கா எட்டரைக்கே இட்லி ஊற்றுகிறார். மூன்று இட்லி பத்து ரூபாய். சாம்பார் தண்ணீர்தான். ஆனாலும் வரிசை கேட் வரைக்கும் நின்றது. நானும் நின்றேன், கூட்டம் எவ்வளவு என்று பார்ப்பதற்காக.

ஜூலை 21, திங்கள்

அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு விசாரணை நடத்தினேன். எதற்கும் தெரிந்து வைத்துக்கொள்வோமே என்றுதான்.

கணக்கு படித்த சீனியர்கள்: பி.எட். போய் டீச்சர் ஆகிறார்கள், அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள், எம்.எஸ்ஸி., பிஎச்.டி. என்று மேலே போகிறார்கள், டியூஷன் சென்டர் வைக்கிறார்கள். ஒரு அக்கா வங்கியில். ஒரு அக்கா கணக்கையே விட்டுவிட்டு அழகு நிலையம். அவர்தான் எல்லாரையும்விட நன்றாக இருக்கிறாராம்.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்தவர்கள்: மேம் அலமாரிக் கதவில் போட்டோ ஒட்டி வைத்திருக்கிறார். ஒருத்தி சென்னையில் மருந்துக் கம்பெனியில். புது மருந்து நிஜமாகவே வேலை செய்கிறதா, தற்செயலா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறாளாம். ஒருத்தி இன்சூரன்ஸ் கம்பெனியில். வேலை பார்த்துக்கொண்டே பரீட்சை பரீட்சையாக எழுதுகிறாள், இன்னும் முடியவில்லை. ஒருத்தி அரசுப் புள்ளியியல் துறையில், எந்த ஊரில் எவ்வளவு நெல் விளையும் என்று வயலில் இறங்கிப் பார்க்கிறாள். (மாடும் எண்ணுகிறாளாம். கேட்டுவிட்டேன்.) இரண்டு பேர் கம்ப்யூட்டரும் கூடவே கற்றுக்கொண்டு பெங்களூரு போய்விட்டார்கள். நான்கு பேருக்கு இன்னும் வேலை இல்லை. அவர்கள் போட்டோவையும் மேம் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்.

"ஏன் மேம், வேலை கெடைக்காதவங்களையும்?"

"கெடச்சவங்கள மட்டும் ஒட்டினா அது விளம்பரம்மா" என்றார்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆக முடியுமா என்று கேட்டேன். "ரொம்பக் கஷ்டம். பி.எட். சேர்க்கும்போது நீ படிச்சது மேத்ஸானு கேப்பாங்க. பொய் சொல்லமாட்டேன்." அம்மா முகம் வந்து போனது.

ஜூலை 28, திங்கள்

கணக்கு வகுப்பில் ஒருத்திக்குத் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் கிடைத்துவிடும் போலிருக்கிறது. ஒரு வாரத்தில் தெரிந்துவிடும் என்றார் கிளார்க். வீட்டில் சொன்னேன். அம்மா சாமி படத்துக்குக் கற்பூரம் ஏற்றினாள். அப்பா, "ஏ உலகு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பல்வலியா?" என்றார். இந்த அப்பாவுக்குக் குட்டியானை லோடு வண்டி ஓட்டும்போது முன்னால் போகிற வண்டி தெரிகிறதோ இல்லையோ, இதெல்லாம் தெரிந்துவிடும்.

பல்வலி என்றே சொன்னேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆறு பேர் போய்விட்டார்கள். ரோஸ்லினுக்கு நர்சிங் வந்தது. கட்டணத்தைப் பார்த்துவிட்டு அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "நெசமாவே கட்டணம்தானா?" என்று கேட்டேன். "சொல்லமாட்டேன், காசு சுண்டிக் கேளு" என்றாள் கழுதை.

மேமுக்கு மறுபடியும் பஸ் கவலை. முப்பது பேர் இருக்கிறோம்; இதில் இன்னும் எத்தனை பேர் போவார்கள்? என்னை எழுப்பி, "நீயே நடத்து" என்றார். விதியை நானே பலகையில் எழுதினேன். தலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ஆமாம்'. பூ என்றால் உண்மை. "யாரும் விதிய மீறக் கூடாது. ஒருத்தி மீறினாக்கூட மொத்தக் கணக்கும் கெட்டுப்போகும்" என்று கண்டிப்பாகச் சொன்னேன். நானும் சுண்டினேன், எழுதினேன், மடித்துப் போட்டேன்.

எண்ணினோம். பத்தே பத்து 'ஆமாம்'.

முப்பதில் பாதி பதினைந்து பேருக்குத் தலை விழுந்திருக்க வேண்டும். அந்தச் சும்மா 'ஆமாம்' மட்டுமே பதினைந்து வந்திருக்க வேண்டும். பத்தில் பதினைந்தைக் கழித்தால் மைனஸ் ஐந்து. அது பாதி வகுப்புக்கு. முழு வகுப்புக்கு மைனஸ் பத்து.

மைனஸ் பத்துப் பேர் இந்தக் கோர்ஸை விட்டுப் போகப் போகிறார்கள்!

"அப்படின்னா புதுசா பத்துப் பேரு வரப்போறாளுகளா பிள்ள?" என்றாள் பேச்சி. எல்லாரும் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வகுப்பில் நான் நடத்திய முதல் கணக்கு, இப்படியா வந்து நிற்கும்?

ஆகஸ்ட் 2, சனி

நாணயங்களைச் சந்தேகப்பட்டேன். முப்பதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பகல் முழுவதும் சுண்டினேன். அம்மா, "கிறுக்குப் புடிச்சிட்டா?" என்றாள். நாணயத்தில் ஒரு கோளாறும் இல்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒருத்திகூடப் போகப் போவதில்லை என்றே வைத்துக்கொண்டாலும், முப்பது பேர் சுண்டி பத்துக்கு மேல் தலை விழாமல் இருப்பது நூறு முறை செய்தால் ஐந்து முறைதான் நடக்கும். நடக்கலாம். ஆனால் சுலபத்தில் நடக்காது.

அப்படியானால் என்ன நடந்தது?

ஆகஸ்ட் 4, திங்கள்

மேமிடம் கேட்டேன். அவர் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்.

"தலை விழுந்தவளுகள்ல சில பேரு 'ஆமாம்'னு எழுதல உலகு. சும்மா விளையாட்டுக்குக்கூட 'போறேன்'னு எழுதக் கை வரல. 'இல்லை'ன்னு எழுதிட்டாளுக. எனக்கு இருபது வருஷத்துல மைனஸ் வந்தது இதான் மொத தடவ." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு தப்பு. ஆனா பெரிய பஸ்ஸே சொல்லிரலாம்."

விதியை மீறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. யார் யார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்கு என்ன விழுந்தது, நான் என்ன எழுதினேன் என்பதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சொல்லாமல் இருப்பதுதான் முறையே.

மாலையில் ஆபீஸிலிருந்து போன். கணக்கில் ஒரு இடம் காலி. நாளைக் காலை அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்கு, பேச்சிக்கு.

அம்மா ரெஜினா டீச்சருக்குப் போன் போட்டு, இரண்டு மாதமாக மறைத்ததைச் சொல்லி, கிடைத்துவிட்டதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா லீவு போட்டாள். தீபாவளிக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். பஸ் முழுவதும் பேசிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆபீஸில் கிளார்க் தாளை நீட்டினார். ஓரமாகப் பேச்சியும் அவள் அப்பாவும் நின்றார்கள், ஒருவேளை நாங்கள் வராவிட்டால் என்று. அவள் கண் சிவந்திருந்தது. அம்மா பேனாவைத் திறந்துவிட்டாள். எங்கே போட வேண்டும் என்று கிளார்க் விரலை வைத்துக் காட்டினார்.

"யம்மா, வேண்டாம்."

"என்னது?"

"நான் போகல. இங்கேயே இருக்கேன்."

அம்மா என்னையே பார்த்தாள். "வெளையாடுதியா? வீட்ல வச்சுச் சொல்லதுக்கு என்னட்டி?"

"சொல்ல வாய் வரல."

"இதப் படிச்சா என்ன வேலை?"

"கெடைக்கும்மா. என்ன வேலைன்னு இப்பச் சொல்ல முடியாது. சுமாராத்தான் சொல்ல முடியும்."

"சுமாரா?" அம்மாவின் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. "நீயா சுமார்ங்கே? மூணு மார்க்கக் காணலைன்னு மூணு மாசமா வீட்ட ரெண்டாக்கினவ சுமார்ங்கே? ரெஜினா டீச்சர்ட்ட நான் என்னன்னு போய்ச் சொல்ல? அந்த வராண்டாவுல நான் எப்படிட்டி நடக்க?"

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் கேட்டு மும்தாஜ் மேம் வந்தார். அம்மா அவரிடமே கேட்டாள், இவளுக்கு வேலை கிடைக்கும் என்று நீங்கள் எழுதிக் கொடுப்பீர்களா என்று.

"எழுதித் தரமாட்டேங்க" என்றார் மேம். "அந்தச் சீட்டுல கையெழுத்துப் போட்டா டீச்சராகிற வழி நேரா இருக்கு. இதுல அப்படி நேர் வழி இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லுதேன். இந்தக் காலேஜ்ல எட்டரைக்கு இட்லி கெடைக்கதுன்னா அது உங்க மகளாலதான். சாப்பிடாம வர பிள்ளைகள் எத்தனைன்னு கண்டுபிடிச்சுச் சொன்னது அவதான்."

அம்மா கையில் பேனா அப்படியே இருந்தது. பேச்சியைப் பார்த்தாள். பேச்சி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அம்மா பேனாவை மூடி, "அடுத்த பிள்ளையக் கூப்பிடுங்க சார். அது அழுதுக்கிட்டுல்லா நிக்கி" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், முன் சீட்டைப் பார்த்துக்கொண்டு. "நீ காலைல சாப்பிடாமலா போறே?"

"அது ரகசியம்மா" என்றேன்.



ஆகஸ்ட் 6, புதன்

அம்மா பேசவில்லை. பையில் ஒரு டிபன் டப்பா இருந்தது. நான்கு இட்லி, எள்ளுப்பொடி.

ஆகஸ்ட் 7, வியாழன்

பேசவில்லை. டப்பா இருந்தது. ரெஜினா டீச்சரின் புத்தக மூட்டையைக் காணோம். திருப்பிக் கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு அந்த வராண்டாவில் தனியாக நடந்திருப்பாள். நான் கூடப் போயிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பேச்சி கணக்கு வகுப்பிலிருந்து ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். நானும் காட்டினேன். பொறாமை வருகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் வந்தது. நுண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா லோடு ஏற்றப் போய்விட்டார். மத்தியானத்திலிருந்து சாரல். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்து நானும் உரித்தேன். ஒரு படி வெங்காயமும் உரித்து முடிந்தது. பேச்சு வரவில்லை.

உள்ளே போய் ஒரு ரூபாய் நாணயம் எடுத்துவந்தேன்.

"யம்மா, ஒண்ணு கேக்கேன். நேராச் சொல்ல வேண்டாம். இதச் சுண்டு. தலை விழுந்தா மனசுல என்ன இருந்தாலும் 'ஆமா'ன்னு சொல்லணும். பூ விழுந்தா உண்மையைச் சொல்லணும். என்ன விழுந்துச்சுன்னு என்கிட்டக் காட்டக் கூடாது. அப்ப நீ 'ஆமா'ன்னாக்கூட அது நெசமா, காசு சொன்னதான்னு எனக்குத் தெரியாது. நீயும் தைரியமாச் சொல்லலாம், நானும் அழமாட்டேன்."

"இதத்தான் அங்க படிச்சுக் குடுக்காவளா?"

ஐந்து நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. விதியை இரண்டாவது முறையும் சொன்னேன். தலை விழுந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று திருப்பிக் கேட்டேன். "'ஆமா'ன்னு சொல்லணும். அதான் புரியுதுல்லா, கேளு" என்றாள்.

"என் மேல வருத்தமா?"

அம்மா வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சுண்டினாள். தரையில் விழுந்து உருண்டதைச் சட்டென்று உள்ளங்கையால் மூடினாள். லேசாகத் தூக்கிப் பார்த்தாள். மறுபடியும் மூடிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.

அடுப்பில் உலை கொதித்தது. எழுந்து போய்விட்டாள். போகிற போக்கில், "பஸ்ஸுல குற்றாலம் போறீகளாமே, தலை தொவட்டத் துண்டு எடுத்துட்டுப் போ" என்றாள்.

நாணயம் தரையிலேயே கிடந்தது. பார்க்கக் கூடாது என்பதுதான் முறை. பார்த்துவிட்டேன்.

தலை.

விதிப்படி 'ஆமா' என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். புரிந்தது என்றும் சொன்னாள். தலை விழுந்தும் 'இல்லை' என்று எழுதுகிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிந்தது.